இன்டர்வியூவுக்கு சைக்கிளில் போகலாமா? (ஆவடி – அம்பத்தூர் எஸ்டேட்)

பருத்திப்பட்டு_23 | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஒன்றரை வருஷம் ஒரு சின்னப் பட்டறையில் வேலை பார்த்தேன். பட்டறையை மூடிவிட்டார்கள். இப்போது சென்னை அம்பத்தூர் எஸ்டேட்டில் (தொழிற்பேட்டை) ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலைக்கு இன்டர்வியூ வந்திருக்கிறது. வரும் வெள்ளி காலை 9.30.

வீட்டில் இருந்த மொபெட்டை அப்பாவின் ஆபரேஷனுக்காக விற்றாகிவிட்டது. மிச்சம் இருப்பது பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள்தான். பெல் இல்லை, ஸ்டாண்டு ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, மற்றபடி ஓடுகிறது. வீட்டிலிருந்து கம்பெனி 11 கிலோமீட்டர்.

இரண்டு சந்தேகம். வியர்வையை என்ன செய்வது? அப்புறம், கேட்டில் போய் சைக்கிளோடு நின்றால் ஒரு மாதிரி நினைப்பார்களா? இரண்டாவதுதான் உண்மையான சந்தேகம். முதலாவது சும்மா.

கொரட்டூர் வாசி | ஞாயிறு, இரவு 9.58

எதற்கு தம்பி இந்த வேலை? ஆவடியில் எலக்ட்ரிக் டிரெயின் ஏறினால் அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர், அடுத்தது பட்டரவாக்கம். எஸ்டேட் ஓரத்திலேயே இறங்கலாம். டிக்கெட் அதிகம் போனால் ஒரு டீ காசு. சட்டை கசங்காமல் போய்ச் சேரலாம்.

பருத்திப்பட்டு_23 | ஞாயிறு, இரவு 10.05

யோசித்தேன் அண்ணா. ஆவடி ஸ்டேஷனுக்குப் போகவே இங்கிருந்து பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடிக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு டிரெயினில் ஏறுவதே பெரிய விஷயம், சட்டை அங்கேயே கசங்கிவிடும். பட்டரவாக்கத்தில் இறங்கி கம்பெனி வரைக்கும் நடந்து பார்த்தேன், 25 நிமிஷம். எல்லாம் கூட்டினால் சைக்கிளில் போவதும் ஒன்றுதான். வேலை கிடைத்தால் தினமும் போக வேண்டிய வழி என்பதால் முதல் நாளே பழகிவிடலாம் என்று நினைத்தேன்.

மறைமலை நண்பன் | ஞாயிறு, இரவு 10.21

ப்ரோ, ஒரு நாள்தானே, பைக் டாக்ஸி போட்டுப் போங்க. நூறு, நூற்றைம்பது ரூபாய் ஆகும். முதல் தோற்றம் முக்கியம். கேட்டில் சைக்கிளில் போய் நின்றால் டெலிவரிக்கு வந்த பையன் என்றுதான் நினைப்பான். தப்பாக எடுத்துக்காதீங்க, உலகம் அப்படி.

பழைய பெடல் | ஞாயிறு, இரவு 10.47

டெலிவரி பையன் இப்போது சைக்கிளில் வருவதில்லை சார், அவனும் பைக்கில்தான் வருகிறான்.

தம்பி, 11 கிலோமீட்டர் ஒன்றுமே இல்லை. நான் 1980-களில் திருநின்றவூரிலிருந்து அந்த எஸ்டேட்டுக்கு எட்டு வருஷம் மிதித்தவன். அப்போது ஷிஃப்ட் விடும் நேரத்தில் எம்.டி.எச். ரோட்டைப் பார்க்க வேண்டும், லாரிக்கே வழி கிடைக்காது, அத்தனை சைக்கிள். டன்லப், டி.ஐ. சைக்கிள்ஸ், பிரிட்டானியா என்று ஸ்டாப்புகளே கம்பெனி பெயரில்தான். ஒவ்வொரு கேட்டுக்குள்ளும் தகரக் கொட்டகை போட்டு சைக்கிள் ஸ்டாண்டு, டோக்கன் நம்பர். ஆபீசரைத் தவிர எல்லோரும் சைக்கிள்தான். சைக்கிளில் வந்தால் என்ன நினைப்பான் என்று அப்போது யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் நினைக்கிறவனே சைக்கிளில் வந்தவன்.

சொல்லப்போனால் அந்த ஊரே சைக்கிள் செய்த ஊர். டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் அங்கே வந்தது. நாம் ஓட்டிய ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் அங்கிருந்து போனவை. அந்த ஊருக்கு சைக்கிளில் போகலாமா என்று கேட்கிறாய், சரி, காலம்.

வழி சொல்கிறேன். எம்.டி.எச். ரோட்டில் போகாதே. காலையில் லாரியும் பஸ்ஸும் இடது ஓரத்தைக் கரைத்துக் குடித்துவிடும். திருமுல்லைவாயல் பக்கமிருந்து அயப்பாக்கம் உள்ளே நுழைந்து, அத்திப்பட்டு வழியாக எஸ்டேட்டுக்குள் போ. கொஞ்சம் சுற்று. ஆனால் மூச்சு விடலாம்.

எஸ்டேட் பஞ்சர் கடை | ஞாயிறு, இரவு 11.15

பெடல் ஐயா சொன்ன வழி சரி. கூட ஒன்று. எஸ்டேட்டுக்குள் நுழைந்ததும் ரோட்டு ஓரமாகப் போகாதீங்க தம்பி. லேத்துப் பட்டறைகளிலிருந்து ஸ்கிராப் ஏற்றிக்கொண்டு போகிற டிராக்டரும் குட்டி யானையும் இரும்புச் சுருளைக் கொட்டிக்கொண்டே போகும். எல்லாம் காற்றில் ஓரமாகத்தான் ஒதுங்கும். நான் போடுகிற சைக்கிள் பஞ்சரில் முக்கால்வாசி அதுதான். ஆணி இல்லை, முள் இல்லை, முடி மாதிரி ஒரு கம்பிச் சுருள்.

பஞ்சர் போட்டு டியூபைத் திரும்ப மாட்டும் முன் டயருக்கு உள்பக்கம் விரலால் ஒரு சுற்று தடவிப் பார்க்கணும். சுருள் டயரிலேயே சொருகி நிற்கும். வெளியிலிருந்து தெரியாது. அதை எடுக்காமல் டியூபை மாட்டினால் நூறு அடி போவதற்குள் மறுபடி புஸ். தடவும்போது மெதுவாக, விரலைக் கிழித்துவிடும். என் ஆள்காட்டி விரலில் கோடு கோடாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் காற்று அடிக்காதீங்க. வியாழன் சாயங்காலமே அடித்து வையுங்க. ராத்திரி முழுக்க நின்று காலையில் அழுத்திப் பார்த்தால் இறங்கியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். அந்த சைக்கிளில் வால் டியூப் (காற்றடிக்கிற வால்வு மேல் மாட்டுகிற சின்ன ரப்பர் குழாய்) போட்ட பழைய மாடல் டியூப் என்றால் அதையும் மாற்றிவிடுங்க. வெடித்துப்போன வால் டியூபால் காற்று இறங்குவதைப் பஞ்சர் என்று நினைத்து டியூபைக் கழற்றிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய.

ஒரகடம் எச்.ஆர். | திங்கள், காலை 7.32

நான் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் எச்.ஆர். பதினோரு வருஷமாக இன்டர்வியூ எடுக்கிறேன். தம்பி பயப்படுகிற விஷயத்தை உள்ளிருந்து சொல்கிறேன்.

இன்டர்வியூ அறையில் இருப்பவர்களுக்கு நீங்கள் எதில் வந்தீர்கள் என்று தெரியவே தெரியாது. கேட் எங்கோ இருக்கும், எங்கள் ஜன்னல் எங்கோ இருக்கும். உங்களைப் பார்க்கிற முதல் ஆள் செக்யூரிட்டி. அவருக்கு வேண்டியது உங்கள் பெயரும் யாரைப் பார்க்க வந்தீர்கள் என்பதும். லெட்டரையோ மெயிலையோ ஃபோனில் திறந்து கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். தேடிக்கொண்டு நின்றால்தான் மரியாதை குறையும். காரில் வந்தவருக்கும் அதே கதிதான்.

அப்புறம் "எப்படி வந்தீங்க, எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று உள்ளே கேட்பார்கள். அதைப் பேச்சுக்குக் கேட்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஷாப் ஃப்ளோர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது எங்களுக்கு இருக்கிற பெரிய தலைவலி, சேர்ந்து மூன்றாம் மாதம் "தூரமா இருக்கு மேடம்" என்று நின்றுவிடுவது. எனவே அந்தக் கேள்விக்கு வெட்கப்பட்டு மழுப்பாதீர்கள். "சைக்கிளில் வந்தேன், 55 நிமிஷம்" என்று நேராகச் சொல்லுங்கள். ஒரு நாளுக்கு மட்டும் டாக்ஸி பிடித்து வந்து "20 நிமிஷத்தில் வந்துவிட்டேன்" என்று சொன்னால்தான் பிறகு பிரச்சினை.

9.30 என்றால் 9 மணிக்கு கேட்டில் இருங்கள். 8.45-க்கு வந்து பக்கத்து டீக்கடையில் நின்றால் இன்னும் நல்லது.

மறைமலை நண்பன் | திங்கள், காலை 8.10

மேடம் சொல்வது அவங்க கம்பெனிக்கு. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. நான் ஒரு இடத்துக்குப் பழைய ஸ்பிளெண்டரில் போனபோதே பார்க்கிங்கில் "வெளியே நிறுத்து" என்றார்கள். உள்ளே கார் நிற்க இடம் இருந்தது.

ஒரகடம் எச்.ஆர். | திங்கள், காலை 8.26

அது நடக்கும். மறுக்கவில்லை. அதனால் பூட்டும் செயினும் கொண்டு போங்கள். வெளியே நிறுத்தச் சொன்னால் வாதாடாமல் மரத்தடியில் பூட்டிவிட்டு வரலாம்.

திருக்கோகர்ணம் அம்மா | திங்கள், மதியம் 1.20

இந்த இழையைப் பார்த்ததும் சிரிப்பும் வந்தது, பழைய ஞாபகமும் வந்தது.

எனக்கு ஊர் புதுக்கோட்டை. 1990-களின் ஆரம்பத்தில் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. படிக்கக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்து, கூடவே பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். லட்சம் பெண்களுக்கு மேல் கற்றுக்கொண்டதாகக் கணக்கு. நான் அந்த லட்சத்தில் ஒருத்தி. 19 வயது. சாயங்காலம் இருட்டிய பிறகு பள்ளிக்கூட மைதானத்தில் தோழி பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவாள். ஒரு நாள் திரும்பிப் பார்த்தால் அவள் வெகு தூரத்தில் இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். அந்த நொடியே விழுந்தேன், முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது.

கடைகளில் லேடீஸ் சைக்கிள் தீர்ந்துபோய், ஜென்ட்ஸ் சைக்கிளைத்தான் பலர் வாங்கினார்கள். அதிலும் ஒரு வசதி: சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் உள்ள பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம்.

பால்வாடி வேலைக்கு நேர்காணல் வந்தபோது வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு 14 கிலோமீட்டர் போனேன். ஜென்ட்ஸ் சைக்கிள். புடவையைச் சற்று ஏற்றிச் செருகிக்கொண்டு, வளாகத்துக்கு முந்தின வளைவில் இறங்கி, புடவையை இறக்கிவிட்டு, தள்ளிக்கொண்டே உள்ளே போனேன். ஓட்டிக்கொண்டு போக வெட்கம். மரத்தடியில் பார்த்தால் எனக்கு முன்னால் வந்தவர்களின் சைக்கிள் ஏழெட்டு நிற்கிறது! எல்லாருமே அதே வளைவில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தவர்களாம், பிறகு பேசிச் சிரித்தோம். எனக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் வேறொன்று கிடைத்தது.

தம்பி, கடைசி வளைவில் இறங்கணும் என்று தோன்றினால் இறங்கு. தப்பில்லை. வியர்வையும் அடங்கும்.

பருத்திப்பட்டு_23 | திங்கள், மதியம் 1.48

அம்மா, இதை எங்கள் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அந்தப் பாரில் உட்கார்ந்து போன குழந்தை யாருன்னு கேளு" என்கிறார்கள்.

திருக்கோகர்ணம் அம்மா | திங்கள், மதியம் 2.02

அவன் இப்போது துபாயில் லாரி ஓட்டுகிறான். சைக்கிள் ஓட்டத் தெரியாது.

ஐந்தோவன் தமிழன் | திங்கள், மாலை 6.35

நெதர்லாந்தில் ஏழு வருஷமாக இருக்கிறேன். இங்கே இந்தக் கேள்வியே வராது. முதல் இன்டர்வியூவுக்கு நான் டாக்ஸி பிடித்துப் போனேன், கோட்டு சூட்டோடு. என்னை இன்டர்வியூ எடுக்க வேண்டிய மேனேஜர் எனக்குப் பின்னால் சைக்கிளில் வந்து இறங்கி, மழைக்காகப் பேண்டுக்கு மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் பேண்டை வரவேற்பறையிலேயே உருவிக் காயப்போட்டுவிட்டு எனக்குக் கை கொடுத்தார். வேலைக்கு சைக்கிளில் வந்தாலும் கிலோமீட்டருக்கு 23 யூரோ சென்ட் வரை வரி இல்லாமல் கம்பெனி தரலாம், 2024 முதல் அந்தக் கணக்கு. நம் ஊரும் மாற வேண்டும். உடம்பில் தெம்பிருந்தால், வேலை வேண்டும் என்கிறவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

பழைய பெடல் | திங்கள், இரவு 8.50

கடைசி வரி இடிக்கிறது தம்பி. 1981-இல் இங்கிலாந்தில் நார்மன் டெபிட் என்ற அமைச்சர் இதைத்தான் சொன்னார். வேலைவாய்ப்புத் துறை அவர் கையில். நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டம், அந்தக் கோடையில் பிரிக்ஸ்டன், லிவர்பூல் பக்கமெல்லாம் கலவரம். கட்சி மாநாட்டில் எழுந்து, 1930-களில் என் அப்பாவுக்கு வேலை போனபோது அவர் கலவரம் செய்யவில்லை, சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலை தேடினார் என்றார். கட்சிக்காரர்கள் கைதட்டினார்கள். வேலை இழந்தவர்களுக்கோ, கம்பெனியை மூடிவிட்டு எங்களைச் சோம்பேறி என்கிறாயா என்று எரிந்தது. சாகும் வரைக்கும் அந்த சைக்கிள் அவரை விடவில்லை.

இந்தத் தம்பி சைக்கிளில் போவது வீட்டு மொபெட் விற்றுப்போனதால். அதை வைத்து யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம்.

ஐந்தோவன் தமிழன் | திங்கள், இரவு 9.15

சரி ஐயா. ஒப்புக்கொள்கிறேன். இங்கே தனிப் பாதை இருக்கிறது, அங்கே லாரி இருக்கிறது. வாயை மூடிக்கொள்கிறேன்.

பழைய பெடல் | திங்கள், இரவு 9.19

மூட வேண்டாம். அந்த மழைப் பேண்டு எங்கே கிடைக்கும் என்று சொல்.

வடமராட்சியான் | செவ்வாய், காலை 6.05

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுறன். 2022-இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது இஞ்ச எல்லாரும் சைக்கிளுக்குத்தான் திரும்பினவை. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவையைத் தவிர மற்றவைக்கு பெற்றோல் இல்லையென்று அறிவிச்சாச்சு. மூலையில துருப்பிடிச்சுக் கிடந்த லுமாலா சைக்கிளை எல்லாம் கழுவித் துடைச்செடுத்தம். சைக்கிள் விலை எங்கேயோ ஏறிப்போச்சு.

அந்த ஜூலையில எனக்கு ஒரு நேர்முகப் பரீட்சை. பருத்தித்துறையிலயிருந்து யாழ்ப்பாணம், 30 கிலோமீற்றருக்குக் கிட்ட. விடிய நாலரைக்கு வெளிக்கிட்டனான். போய்ப் பார்த்தா, என்னைக் கேள்வி கேட்க இருந்த மூண்டு பேரில ரெண்டு பேர் சைக்கிளில வந்து, சேட்டு நனைஞ்சு, ஃபானுக்குக் கீழ நிக்கினம். ஒருத்தர் என்னைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் பொறும், நாங்களும் காயோணும்" எண்டார்.

எங்கட அப்பா, அம்மாவைக்கு இது புதுசில்லை. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை நேரம் மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெயில ஓட்டின சனம்.

வியர்வைக்கு என்ர வழி: போற உடுப்பு வேற, பரீட்சைக்குப் போடுற சேட்டு வேற. முதுகுப்பை கொண்டு போகாதேங்கோ. முதுகு முழுக்க நனைஞ்சு பையின்ர உருவம் அப்படியே சேட்டில பதியும். கரியரில கட்டுங்கோ.

கொரட்டூர் வாசி | செவ்வாய், காலை 7.44

சட்டையைக் கேரியரில் கட்டினால் மடிப்பு நாசமாகிவிடாதா?

எஸ்டேட் பஞ்சர் கடை | செவ்வாய், காலை 9.10

ஆகாது. அயர்ன் பண்ணின சட்டையை நடுவில் ஒரு நியூஸ் பேப்பர் வைத்து மடித்து, சர்டிபிகேட் ஃபைலின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு பாலிதீன் கவரில் போட்டு, கேரியரில் பழைய டியூபைக் கிழித்த பட்டையால் கட்டணும். கயிறு தளரும், டியூப் தளராது. மேலே அட்டை ஒன்று வைத்துக் கட்டினால் பட்டையின் தடம் விழாது. கவர் கட்டாயம், பின் சக்கரம் தெறிக்கிற சேறு எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

பழைய பெடல் | செவ்வாய், காலை 9.32

வியர்வைப் பற்றி எல்லோரும் தப்பான இடத்தைப் பார்க்கிறீர்கள். மிதிக்கும்போது வியர்வை தெரியாது, காற்று வந்து உலர்த்திக்கொண்டே இருக்கும். இறங்கி நின்றதும்தான் கொட்டும். உடம்பு சூடாகவே இருக்கும், காற்று மட்டும் நின்றுவிடும். அதனால் கடைசி ஒன்றரை கிலோமீட்டரை நடக்கிற வேகத்தில் ஓட்டு. போய் இறங்கியதும் சட்டையை மாற்றாதே. கால் மணி நேரம் பனியனோடு நிழலில் நில். ஈரத் துண்டால் கழுத்து, அக்குள், முழங்கைக்கு உள்பக்கம். அது காய்ந்த பிறகு சட்டை. அவசரப்பட்டு மாற்றினால் இரண்டாவது சட்டையும் நனையும், மூன்றாவது சட்டை உன்னிடம் இருக்காது.

அப்புறம் பேண்ட். செயின் கார்டு இருக்கிறதா? இல்லையென்றால் வலது காலில் பேண்டின் அடியை மடித்து ரப்பர் பேண்ட் போட்டுக்கொள். செயின் கிரீஸ் பட்டால் தேய்க்கக் கூடாது, பவுடரைக் கொட்டி அது எண்ணெயை உறிஞ்சும் வரை விட்டுத் தட்ட வேண்டும். மண்ணெண்ணெய் போடாதே, கறை போகும், நீ இருக்கிற அறை முழுக்க நாறும்.

பருத்திப்பட்டு_23 | புதன், இரவு 8.30

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை ஒத்திகை போனேன். முதலில் போன ஞாயிற்றுக்கிழமையே போகலாம் என்றிருந்தேன். ஞாயிறு ரோடு வேறு, வேலை நாள் ரோடு வேறு என்று அப்பா சொன்னதால் இன்றே. 7.40-க்குக் கிளம்பி 8.37-க்குக் கம்பெனி கேட்டைத் தாண்டிப் போனேன். 57 நிமிஷம். அயப்பாக்கம் வழி நன்றாக இருந்தது, ஒரு இடத்தில் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், இறங்கித் தள்ள வேண்டும். டீக்கடையும் பார்த்து வைத்துவிட்டேன். பின்னால் சுவர் ஓரம் நிழல் இருக்கிறது.

கேட் பக்கம் வேகமாகப் போய்விட்டேன். யாராவது முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்வார்களோ என்று.

ஒரகடம் எச்.ஆர். | புதன், இரவு 9.02

வைத்துக்கொள்ள மாட்டார்கள். தூங்குங்கள். வெர்னியர், மைக்ரோமீட்டர் இரண்டு அளவுக் கருவியையும் பார்த்துவிட்டுப் போங்கள். குவாலிட்டி வேலைக்கு அதைக் கையில் கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள்.

பருத்திப்பட்டு_23 | வெள்ளி, மாலை 5.15

போய்விட்டு வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

8.40-க்கு டீக்கடை. பனியனோடு நின்றேன். டீ மாஸ்டர் ஒரு தடவை பார்த்துவிட்டு, "இன்டர்வியூவா?" என்றார். எப்படித் தெரியும் என்றேன். இந்த மரத்தடியில் சட்டை மாற்றுகிற மூன்றாவது ஆள் நீ, இந்த மாசத்தில் என்றார். ஒரு வாளித் தண்ணீரும் கொடுத்தார்.

9.05-க்கு கேட். செக்யூரிட்டி தாத்தா ரெஜிஸ்டரை நீட்டினார். பெயர், ஊர், யாரைப் பார்க்க, வண்டி எண். வண்டி எண் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். அவரே வாங்கி, சைக்கிளை ஒரு தடவை எட்டிப் பார்த்து, "சைக்கிள் – நீலம்" என்று எழுதினார். உள்ளே பைக் வரிசையின் கடைசியில் நிறுத்தச் சொன்னார். ஸ்டாண்டு நிற்கவில்லை, சுவரில் சாய்த்தேன். அவ்வளவுதான். நாலு நாளாக நான் பயந்தது இவ்வளவுதான்.

உள்ளே இரண்டு பேர். கொஞ்ச நேரம் டிராயிங் பற்றிக் கேட்டார்கள். பிறகு ஒருவர், வயதானவர், ஒரு ஷாஃப்டையும் மைக்ரோமீட்டரையும் கையில் கொடுத்து மூன்று இடத்தில் அளவு சொல்லச் சொன்னார். இங்கேதான் யாரும் சொல்லாத ஒன்று. ஒரு மணி நேரம் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்ததில் விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், கை லேசாக நடுங்குகிறது. மைக்ரோமீட்டர் முனையில் உள்ள ராட்செட்டைத் திருகும்போது, போதுமான அளவு இறுகியதைச் சொல்லும் கிளிக்கை மரத்த விரலில் உணரவே முடியவில்லை. ஒரே இடத்தில் முதல் தடவை 24.96 மி.மீ., இரண்டாவது தடவை 24.98. எதைச் சொல்வதென்று தெரியாமல், "சார், கை நடுங்குது, ஒரு நிமிஷம் கழிச்சு மறுபடி எடுக்கலாமா?" என்று கேட்டேன். எடுத்தேன். 24.98.

அவர் மேஜைக்குக் கீழே பார்த்தார். பார்த்துவிட்டு, "சைக்கிளிலயா வந்தே?" என்றார். குனிந்து பார்த்தால் வலது காலில் பேண்டை மடித்துப் போட்ட ரப்பர் பேண்ட் அப்படியே இருக்கிறது. ஒரு கால் மடிப்போடு, ஒரு கால் தொங்க, கேட்டிலிருந்து அறை வரைக்கும் நடந்திருக்கிறேன்.

திருக்கோகர்ணம் அம்மா | வெள்ளி, மாலை 5.22

ஐயோ!

பழைய பெடல் | வெள்ளி, மாலை 5.40

போடச் சொன்னேன், கழற்றச் சொல்லவில்லை. என் தப்பு.

மறைமலை நண்பன் | வெள்ளி, மாலை 6.01

டீ மாஸ்டரும் சொல்லலையா ப்ரோ? அப்புறம் என்ன சொன்னார்?

பருத்திப்பட்டு_23 | வெள்ளி, மாலை 6.10

எவ்வளவு தூரம் என்றார். 11 கிலோமீட்டர், 57 நிமிஷம் என்றேன். செகண்ட் ஷிஃப்ட் ராத்திரி 11 மணிக்கு முடியும், உங்கள் பக்கம் கம்பெனி பஸ் இல்லை, என்ன செய்வாய் என்றார். ராத்திரி ரோடு காலியாக இருக்கும் சார், 45 நிமிஷத்தில் போய்விடுவேன் என்றேன். சிரிக்கவில்லை, எதையோ எழுதிக்கொண்டார். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

ஒரகடம் எச்.ஆர். | வெள்ளி, இரவு 8.45

மறுபடி அளக்க நேரம் கேட்டீர்களே, எனக்கு அதுதான் பிடித்தது. முதல் அளவையே சொல்லிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

பருத்திப்பட்டு_23 | புதன், காலை 11.20

ஃபோன் வந்தது. டிரெய்னி. ஆறு மாசம் கழித்து நிரந்தரம் பற்றிப் பார்ப்பார்களாம். திங்கட்கிழமையிலிருந்து செகண்ட் ஷிஃப்ட்.

இப்போது அடுத்த சந்தேகம். அயப்பாக்கம் வழியில் சில இடங்களில் தெரு விளக்கு இல்லை. டைனமோ போடலாமா, பேட்டரி லைட் வாங்கலாமா?

பழைய பெடல் | புதன், காலை 11.48

வாழ்த்துகள் தம்பி. டைனமோ எனக்குப் பிடித்த சாமான், ஆனால் உனக்கு வேண்டாம். மெதுவாகப் போனால் மங்கும், நின்றால் அணையும். நீ பள்ளத்தில் இறங்கித் தள்ளுகிற இடத்தில்தான் வெளிச்சம் வேண்டும். மழையில் டயரில் வழுக்கவும் செய்யும். சார்ஜ் போடுகிற லைட் வாங்கு. முன்னால் இருப்பதைவிடப் பின்னால் சிவப்பு லைட் முக்கியம். அதுவும் மட்கார்டில், பையில் இல்லை.

எஸ்டேட் பஞ்சர் கடை | புதன், மதியம் 12.30

லைட் எல்லாம் சரி. அந்த ஸ்டாண்டு ஸ்பிரிங், பெல், பிரேக் கட்டை மூன்றையும் முதலில் மாற்றணும். ராத்திரி 11 மணிக்கு நாய் குறுக்கே வரும், பிரேக் பிடிக்கணும். சனிக்கிழமை கடைக்குக் கொண்டுவாங்க. டீக்கடையிலிருந்து நாலாவது கடை, டயர் தொங்கும்.

பருத்திப்பட்டு_23 | புதன், மதியம் 12.41

அந்த டீக்கடைதானா! எத்தனை மணிக்குத் திறப்பீங்க அண்ணா?

எஸ்டேட் பஞ்சர் கடை | புதன், மதியம் 12.44

ஆறரை. மழை பெய்தால் ஏழு.